கழற்றிய ஸ்டீயரிங் பாகம்: வாங்கும் முன்பும் மாட்டிய பிறகும், அறிகுறி வாரியாக

சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் போய் “சான்ட்ரோ ரேக் இருக்கா?” என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். (ரேக் என்றால் ஸ்டீயரிங் சுற்றுவதைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றி முன் சக்கரங்களைத் திருப்பும் பாகம்.) எடுத்து வைப்பார்கள், பார்ப்பதற்கு உங்கள் வண்டியில் இருப்பது மாதிரியேதான் இருக்கும். ஆனால் சான்ட்ரோ என்ற பெயரில் 1998-இல் வந்த வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது, அப்புறம் வந்ததில் ஆயில் பம்ப் வைத்த ஹைட்ராலிக் ஸ்டீயரிங், 2018-இல் திரும்ப வந்த சான்ட்ரோவில் மோட்டார் வைத்த எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். பெயர் ஒன்று, ஸ்டீயரிங் மூன்று. பழைய வேகன் ஆரிலும் இதே கதைதான்: எல்எக்ஸ் என்றால் சாதா ஸ்டீயரிங், எல்எக்ஸ்ஐ என்றால் எலெக்ட்ரிக். கார் பெயரைச் சொல்லி வாங்கும் ஆள் பாதி சூதாடுகிறார். பாகத்தின் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

கீழே இருப்பதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் பாதி. வாங்கி மாட்டி, இப்போது ஏதோ சரியில்லை என்றால் நேராக இரண்டாம் பாதிக்குப் போங்கள்.

வாங்கும் முன்: நிஜமாகவே எது கெட்டிருக்கிறது?

*அறிகுறி: மேடு பள்ளத்தில் “டொக் டொக்”*

இந்தச் சத்தத்துக்கு எல்லோரும் முதலில் சொல்வது “ரேக் போச்சு சார்”. அவசரப்படாதீர்கள். முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை இடது வலது பக்கங்களில், கடிகாரத்தில் 9-உம் 3-உம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் வெளிமுனை) அல்லது ரேக் எண்ட் (அதே தண்டின் ரேக் பக்க முனை). 12-உம் 6-உம் இருக்கும் இடத்தில் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங், அதற்கும் ரேக்குக்கும் சம்பந்தமே இல்லை. 9-3-இல் ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை ஆட்டச் சொல்லிவிட்டு, ரேக்கின் ரப்பர் பூட்டை (boot, மடிப்பு உறை) வெளியிலிருந்தே கையால் அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பந்து தட்டுவது விரலுக்குத் தெரியும். தெரிந்தால் ரேக் எண்ட் மட்டும் மாற்றினால் போதும், முழு ரேக் வேண்டாம்.

டை ராட் எண்ட், ரேக் எண்ட், பால் ஜாயிண்ட் இந்த மூன்றையும் பழசாக வாங்கவே வாங்காதீர்கள். புதுசு விலை குறைவு, கழன்றால் சக்கரம் அதன் இஷ்டத்துக்குத் திரும்பும். இதில் எனக்குப் பேரமே கிடையாது.

*அறிகுறி: நின்றபடி லேசாக ஆட்டினால் டேஷ்போர்டுக்குள் “டக் டக்”*

ஹூண்டாய் ஐ20, எலான்ட்ரா போல ஸ்டீயரிங் காலத்திலேயே (column, வளையத்திலிருந்து ரேக்கை நோக்கிப் போகும் தண்டும் அதன் கூடும்) மோட்டார் வைத்த வண்டிகளில் இது ரொம்பவே பழக்கமான சத்தம். சத்தம் காலத்திலிருந்து வருவதால் முழுக் காலத்தையும் மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் அது தேவைப்படாது. மோட்டாரின் தண்டுக்கும் உள்ளே இருக்கும் வார்ம் கியருக்கும் நடுவில் நட்சத்திர வடிவில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் கப்ளிங் இருக்கும். வருஷக்கணக்கில் சூடேறிக் காய்ந்து, நட்சத்திரத்தின் முனைகள் உதிர்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரின் போல்ட்டுகளை எடுத்து மோட்டாரைப் பின்னால் இழுத்தால், அந்தக் கப்ளிங் கருப்புத் துண்டுகளாகக் கொட்டும். புதுக் கப்ளிங் சில நூறு ரூபாய்தான். ஹூண்டாய் பாக எண்ணில் 56315 என்று தொடங்கும். இதை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்து இன்னொரு பழைய காலம் வாங்கினால், அதற்குள்ளும் இதே வயசுள்ள கப்ளிங்தான் இருக்கும்.

*அறிகுறி: ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது*

டயரில் காற்றைப் பாருங்கள், சிரிக்காதீர்கள், இதற்காகவே வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. மோட்டார் வைத்த ஸ்டீயரிங் என்றால் பேட்டரி, ஆல்டர்னேட்டர், பாடி எர்த் ஒயர் மூன்றையும் பாருங்கள். மின்னழுத்தம் இறங்கினால் மோட்டார் உதவியைக் குறைத்துக்கொள்ளும், மீட்டரில் விளக்கும் எரியும், காலத்தின் மேல் பழி விழும்.

இவை சரி என்றால் ஸ்டீயரிங்கைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேட வேண்டும். இரண்டு முன் சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விடாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் திருப்பி ஸ்டீயரிங் லாக்கை விடுவித்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். அப்படியும் இறுக்கம் என்றால் இரண்டு பக்கமும் டை ராட் எண்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலிருந்து கழற்றித் திரும்பத் திருப்புங்கள். இப்போது லேசாகிவிட்டால் குற்றவாளி ஸ்ட்ரட் மேல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இன்னும் இறுக்கம் என்றால் காலத்தையும் ரேக்கையும் இணைக்கும் கீழ் ஜாயிண்ட் போல்ட்டைக் கழற்றி இரண்டையும் தனித்தனியே திருப்பிப் பாருங்கள். எது இறுக்கமோ அதுதான் வாங்க வேண்டிய பாகம். ஒன்று, ஜாயிண்டைப் பிரித்த பிறகு ஸ்டீயரிங்கைச் சுற்ற விடாதீர்கள், ஏர்பேக் ஒயர் சுருள் அறுந்துவிடும். இறுக்கம் பார்ப்பதற்கு அரைச் சுற்று போதும். அதற்கு முன்பே டேப் ஒட்டி நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில்: எண்ணும் கண்ணும்

உங்கள் பழைய பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவதுதான் நல்லது. முடியாவிட்டால், 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரில் கொடுத்தால் உங்கள் வண்டிக்கான பாக எண்ணை எடுத்துக் கொடுப்பார்கள். புதுசின் விலையையும் அப்படியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேச உதவும்.

எண்ணின் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். ஹூண்டாயில் 57700 என்றால் ஹைட்ராலிக் ரேக், காலத்தில் மோட்டார் வைத்த வண்டியின் ரேக் என்றால் 56500, 56310 என்றால் காலம், 56820 என்றால் டை ராட் எண்ட், 57100 என்றால் பவர் ஸ்டீயரிங் பம்ப். மாருதியில் 48200 காலம். டொயோட்டாவில் 45510 சாதா அல்லது எலெக்ட்ரிக் வகையின் ரேக், ஹைட்ராலிக் என்றால் 44250. அடுத்து வரும் எழுத்தும் எண்ணும்தான் எந்த மாடல், எந்த வகை என்பதைக் காட்டும். ஆளை ஏமாற்றுவதும் அந்தப் பகுதிதான். கடைக்காரர் முதல் ஐந்தைக் காட்டி “அதே நம்பர்தான் பாருங்க” என்பார். பின்பாதியைப் பாருங்கள். கடைசி ஓர் இலக்கம் மட்டும் மாறியிருந்தால் அது புதிய பதிப்பாக இருக்கலாம், பழசுக்குப் பதிலாகப் போடக்கூடியதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதே கம்பெனி கவுண்டரில் கேட்டால் எந்த எண் எதற்குப் பதிலாக வந்தது என்று கணினியில் காட்டும்.

அலுமினிய உடம்பில் வார்ப்பிலேயே புடைத்துக்கொண்டு இருக்கும் எண் பாக எண் இல்லை, அது வார்ப்பு அச்சின் எண். ஒரே உடம்பை வைத்து வேறு வேறு பல் எண்ணிக்கையில் ரேக் செய்வார்கள், அதனால் வார்ப்பு எண் ஒத்துப்போவதை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. ஸ்டிக்கரில் அல்லது பினியன் (ஸ்டீயரிங் தண்டு வந்து சேரும் சிறு பல்சக்கரம்) பக்கத்தில் பொறித்திருப்பதைப் படியுங்கள். அங்கே ரானே, ஜேடெக்ட், மாண்டோ என்று தயாரிப்பாளரின் பெயரும் அவர்களுடைய சொந்த எண்ணும் இருக்கலாம். அந்த எண்ணும் கார் கம்பெனி எண்ணும் வேறு வேறு, உங்கள் பழைய பாகத்தில் இருப்பதோடு இரண்டையும் தனித்தனியே ஒப்பிடுங்கள்.

பெயர் வேறாக இருந்தும் பாகம் பொருந்தும் வண்டிகள் உண்டு: பலேனோவும் கிளான்சாவும், டஸ்டரும் டெரானோவும், போலோவும் வென்டோவும். தேடும்போது இந்த ஜோடிகளையும் சேர்த்துத் தேடினால் சரக்கு சீக்கிரம் கிடைக்கும். ஆனால் இங்கேயும் எண்தான் பேச வேண்டும், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கழற்றிய சாமான் என்றால் முதல் கேள்வி, வண்டி எந்தப் பக்கம் ஓட்டுவது? வளைகுடாவிலிருந்து வருவது இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியின் ரேக், பினியன் எதிர்ப்பக்கம் இருக்கும், நம் வண்டியில் எந்த வித்தையாலும் உட்காராது. ஜப்பானிலிருந்து வருவது வலப்பக்கம்தான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் ரேக் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் ஜப்பான் உள்நாட்டு மாடலுக்கும் ஏற்றுமதி மாடலுக்கும் எண் மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எண் சரி. இனி கண்.

ரேக்கைப் பெஞ்சில் வைத்து, பினியனைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றச் சொல்லுங்கள். ஒரே சீராகப் போக வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் பிடித்துவிட்டு விட்டால் பார் (bar, ரேக்குக்குள் நகரும் பல்வெட்டிய தண்டு) வளைந்திருக்கிறது என்று அர்த்தம், அதாவது இடித்த வண்டியிலிருந்து வந்தது. வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். ரப்பர் பூட்டைப் பின்னால் தள்ளி உள்ளே இருக்கும் பாரைப் பாருங்கள். துருப் புள்ளிகள் இருந்தால் ஹைட்ராலிக் ரேக்கில் சீலைக் கிழிக்கும், பூட்டுக்குள்ளிருந்து எண்ணெய் சொட்டினால் சீல் ஏற்கெனவே போய்விட்டது. பழைய உடம்பில் பளபளவென்று புது பூட் மாட்டியிருந்தால் கட்டாயம் தள்ளிப் பாருங்கள்.

அப்புறம் பினியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ரேக் அட்ஜஸ்டர், பெரிய மூடியும் லாக் நட்டும். தேய்ந்த ரேக்கின் சத்தத்தை மறைக்க இதை இறுக்கிவிடுவது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். கம்பெனியில் போட்ட பெயிண்ட் குறி உடைந்திருக்கிறதா, நட்டின் முனைகளில் புது ஸ்பேனர் காயம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இறுக்கிய ரேக் பெஞ்சில் நன்றாகத்தான் இருக்கும். சாலையில்தான் தெரியும், எப்படித் தெரியும் என்பது கீழே வருகிறது.

காலம் வாங்கினால் நீளத்தை டேப் வைத்து அளந்து உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். மோதலில் ஓட்டுநரின் நெஞ்சைக் காப்பாற்றக் காலம் தன்னைத்தானே உள்வாங்கிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். ஒருமுறை உள்வாங்கியது இன்னொரு முறை காப்பாற்றாது. நீளம் குறைந்திருந்தாலோ, மேலே தாங்கும் பிளாஸ்டிக் பிடிகள் உடைந்திருந்தாலோ வேண்டாம். எலெக்ட்ரிக் காலம் என்றால் கனெக்டர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, மோட்டார் உடம்பின் மடிப்புகளில் காய்ந்த சேறு இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டிகள் டேஷ்போர்டு வரை மூழ்கின. தண்ணீர் குடித்த மோட்டார் கடையில் சுற்றும், மூன்று மாதம் கழித்து நிற்கும்.

சாவிப் பூட்டோடு காலம் வந்தால் சாவியும் வேண்டும். சாவி கிடைத்தாலும் இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் அந்தச் சாவியின் சிப் உங்கள் இன்ஜின் கணினிக்குத் தெரியாது. உங்கள் பழைய பூட்டையே புதுக் காலத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் எளிது. பில் கட்டாயம் வாங்குங்கள், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தச் சரக்கு வேண்டாம்.

மாட்டிய பிறகு

*அறிகுறி: கீழ் ஜாயிண்ட் போல்ட் உள்ளே போக மறுக்கிறது*

சுத்தியலை எடுக்காதீர்கள். பினியன் தண்டில் பல் போன்ற ஸ்ப்லைன்களுக்குக் கீழே ஒரு பள்ளம் அல்லது தட்டையான வெட்டு இருக்கும், போல்ட் அதன் வழியாகக் குறுக்கே போகும்படி அமைத்திருப்பார்கள். போல்ட் தளர்ந்தாலும் ஜாயிண்ட் தண்டிலிருந்து உருவிக்கொண்டு வராமல் இருப்பது அந்தப் பள்ளத்தால்தான். போல்ட் இடிக்கிறது என்றால் ஜாயிண்ட் முழுசாகக் கீழே இறங்கவில்லை, அல்லது இணைப்புத் தண்டு வேறு வண்டியுடையது, நீளம் போதவில்லை. அடித்து இறக்கினால் போல்ட்டின் மரையோடு பள்ளத்தின் விளிம்பும் கெடும். இதைவிட மோசம், போல்ட் சுலபமாகப் போய் ஆனால் பள்ளத்தில் உட்காராமல் தண்டின் முனைக்கு மேலே போவது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். போல்ட் போட்ட பிறகு ஜாயிண்டை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர்கூட உருவக் கூடாது.

ஸ்ப்லைன் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பல்லில் மார்க்கர் குறி வைத்து எண்ணுங்கள், சோம்பேறித்தனப்படாதீர்கள். எண்ணிக்கை ஒன்றிரண்டு மாறினாலும் பலமாகத் தள்ளினால் ஜாயிண்ட் ஏறிக்கொள்ளும், ஏறியதே பொருந்தியதற்கு அடையாளம் என்று நினைத்தால் ஒரு நாள் நடுவழியில் ஸ்டீயரிங் சும்மா சுற்றும்.

*அறிகுறி: ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் கனம், இரண்டு இடத்தில் லேசு*

ரேக் நல்ல ரேக்தான். இணைப்புத் தண்டின் இரண்டு யூ ஜாயிண்டும் ஒன்றுக்கொன்று ஒத்த கோணத்தில் இல்லை. சில தண்டுகள் நடுவில் உருவி நீள்பவை. கழற்றும்போது உருவிவிட்டு, திரும்ப ஒரு பல் தள்ளி மாட்டினால் இப்படித்தான் ஆகும். பிரித்து இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேரில் வரும்படி மாட்டுங்கள்.

*அறிகுறி: ஒரு பக்கம் அதிகம் திரும்புகிறது, இன்னொரு பக்கம் குறைவு*

நடு வைக்காமல் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரேக்கை ஒரு கோடிக்குச் சுற்றி, மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்தால் நடு. அங்கே வைத்து, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஜாயிண்டை மாட்ட வேண்டும். ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறதே என்று வளையத்தை மட்டும் கழற்றி நேராக்கி மாட்டிவிடுகிற வேலை வேண்டாம், அது கோளாறை மறைக்கும், ஏர்பேக் சுருளையும் அறுக்கும்.

*அறிகுறி: டயர் ஃபெண்டர் லைனரில் உரசுகிறது, அல்லது யூ டர்ன் அடிக்க இடம் போதவில்லை*

இது நடு வைப்பதில் வந்த தப்பு இல்லை, ரேக்கே வேறு. வாங்கும்போதே பார் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, அதற்குப் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இரண்டையும் அளந்திருந்தால் தெரிந்திருக்கும். 140 மி.மீ. நகர 3.2 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 44 மி.மீ. உங்கள் பழைய ரேக்கில் இதே கணக்கைப் போடுங்கள். மொத்த நகர்வு அதிகமானால் டயர் உரசும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் அளவுக்கு மீறி மடங்கும். குறைந்தால் திரும்பும் வட்டம் பெரிதாகும். சுற்றுக்கான அளவு மாறினால் வேறு மாதிரி: சாதா ஸ்டீயரிங் வகையின் ரேக்கை மோட்டார் வைத்த வண்டியில் மாட்டினால் லேசாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு திருப்பத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மாற்றி மாட்டினால், அதாவது மோட்டார் வகை ரேக்கைச் சாதா வண்டியில் போட்டால், பார்க்கிங்கில் தோள் கழன்றுவிடும்.

*அறிகுறி: நேர்ச் சாலையில் சரி, பள்ளத்தில் இறங்கினால் வண்டி தானாக ஒரு பக்கம் தாவுகிறது*

அலைன்மெண்ட் எடுத்தாலும் போகாது. ரேக்கின் இரண்டு உள் பந்துகளுக்கும் இடைப்பட்ட தூரமோ, ரேக் உட்காரும் உயரமோ மாறியிருக்கிறது, அதனால் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது டை ராட் வேறு வட்டத்தில் ஆடிச் சக்கரத்தைத் திருப்புகிறது. வாஷர் வைத்து உயர்த்திய, துளையைப் பெரிதாக்கி மாட்டிய ரேக்குகளில் இதைப் பார்க்கலாம். துளையைப் பெரிதாக்கினால்தான் உட்காரும் என்று ஃபிட்டர் சொன்னாலே அது உங்கள் வண்டி ரேக் இல்லை. திருப்பிக் கொடுங்கள்.

*அறிகுறி: திருப்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை*

மேலே சொன்ன அட்ஜஸ்டர் தந்திரம்தான் முதல் சந்தேகம். நடுவில் இறுக்கமாகவும் நேராக ஓட்டும்போது இடமும் வலமும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதாகவும் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. கம்பெனி சொன்ன டார்க்குக்கு (torque, இறுக்கும் அளவு) அட்ஜஸ்டரைத் திரும்ப வைத்துப் பாருங்கள். வைத்ததும் சத்தம் வந்தால் தேய்ந்த ரேக்கை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

*அறிகுறி: டை ராட் எண்ட் இரண்டு மூன்று மரை ஏறி நின்றுவிடுகிறது*

மரையின் விட்டம் ஒன்றாக இருந்து பிட்ச், அதாவது மரைகளுக்கு இடைப்பட்ட தூரம், மாறியிருக்கிறது. ஒரே விட்டத் தண்டு வேறு வேறு பிட்சில் வரும். மாறி மாட்டினால் கையால் கொஞ்சம் ஏறி அப்புறம் கடிக்கும். ஸ்பேனர் போட்டு ஏற்றினால் ஏறும், மரையும் சாகும். கையால் கடைசி வரை ஓடாத மரையில் ஸ்பேனர் போடவே கூடாது. மறுமுனையில் நக்கிளில் உட்காரும் கூம்புத் தண்டையும் பாருங்கள்: கூம்பில் மார்க்கர் பூசி உட்கார வைத்து எடுத்தால் மை சுற்றிலும் சீராக அழிந்திருக்க வேண்டும். மேலே மட்டும் அல்லது கீழே மட்டும் அழிந்தால் கூம்பின் சரிவு வேறு. நட்டை இறுக்கினாலும் உள்ளே ஆடி ஓட்டையைத் தின்றுவிடும். காட்டர் பின் ஓட்டை நட்டுக்கு வெகு மேலேயோ நட்டுக்குள் மறைந்தோ நின்றால் அதுவும் இதே சேதிதான்.

*அறிகுறி: எண்ணெய் ஒழுகல், அல்லது பம்ப் அலறல்*

ஹைட்ராலிக் வகைக்கு மட்டும். பைப் முனையில் சிலது கூம்பாக அமரும், சிலது ஓ-ரிங்கில் அடைக்கும், மரை ஒன்றாகவே இருப்பதால் மாற்றி மாட்ட முடியும், மாட்டினால் ஒழுகும். டேப் சுற்றி அடைக்கப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் நிற்காது, பிசிறு போய் வால்வில் மாட்டும். பம்ப் மாற்றியிருந்தால் புல்லியின் வரிகளும் விட்டமும் பழசு மாதிரியே இருக்கிறதா பாருங்கள். டீசல் வண்டிப் பம்பைப் பெட்ரோல் வண்டியில் போடும்போது இது அடிக்கடி இடறும். எண்ணெயில் நுரை வந்தால் காற்று புகுந்திருக்கிறது: இன்ஜினை அணைத்து, முன்பக்கம் தூக்கி, எண்ணெய் ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கோடிக்குக் கோடி பல முறை திருப்புங்கள், பிறகுதான் ஸ்டார்ட். கோடியில் சில நொடிகளுக்கு மேல் பிடித்து நிறுத்தாதீர்கள். எண்ணெய் வகையும் முக்கியம். சில வண்டிக்குச் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்), சிலதுக்குப் பச்சை சிஎச்எஃப் (ஹைட்ராலிக் எண்ணெய்), ஹோண்டாவுக்கு அதன் சொந்த எண்ணெய். கழற்றிய ரேக்கில் எந்த எண்ணெய் இருந்தது என்று தெரியாதபோது முழுக்க வடித்துக் கழுவிவிட்டு ஊற்றுங்கள்.

*அறிகுறி: ஈபிஎஸ் (எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்) விளக்கு எரிகிறது*

எல்லாக் கனெக்டரும் உட்கார்ந்திருக்கிறதா, பெரிய ஃப்யூஸ் சரியா, எர்த் சரியா என்று பார்த்துவிட்டு ஸ்கேனர் போடுங்கள். ஸ்கேனர் இல்லாமல் இங்கே ஊகிப்பது வீண். பழைய மாருதிகளில் கன்ட்ரோலர் தனிப் பெட்டியாக இருக்கும். காலத்தை மட்டும் மாற்றி உங்கள் பழைய கன்ட்ரோலரை வைத்தால் டார்க் சென்சாரின் (நீங்கள் திருப்பும் விசையை அளப்பது) நடு ஒத்துப்போகாமல் போகலாம், இரண்டையும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வாங்குங்கள். ஹூண்டாயில் மோட்டார், கணினி எல்லாம் காலத்தோடு வரும், ஆனால் எந்த வகை வண்டி என்று கணினிக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஸ்டீயரிங் கோணத்துக்கு நடு பதிவதும் கம்பெனி ஸ்கேனரில் செய்ய வேண்டிய வேலைகள். இதற்காகும் கூலியையும் பாகத்தின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் ஈபிஎஸ் விளக்கோடு அந்த விளக்கும் எரிந்தால் கோண சென்சாரின் நடுதான் பெரும்பாலும் காரணம். அலைன்மெண்ட் முடித்த பிறகே அதைப் பதியுங்கள், முன்பே பதிந்தால் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

*அறிகுறி: கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாகவே ஒரு பக்கம் சுற்றுகிறது*

ஓட்டாதீர்கள். நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு கையை எடுத்தால் வளையம் தானாக நகர்ந்தால் டார்க் சென்சார் நடு தப்பியிருக்கிறது: யாருமே திருப்பாதபோது மோட்டார் யாரோ திருப்புவதாக நினைத்து உதவுகிறது. ஸ்கேனரில் நடு பதிந்தும் போகவில்லை என்றால் அந்தக் காலம் குப்பை. ஈபிஎஸ் ஃப்யூஸைப் பிடுங்கினால் ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் நீங்கள் சொன்னபடி கேட்கும், பட்டறைவரை மெதுவாகக் கொண்டுபோக அது போதும்.

*அறிகுறி: ஏர்பேக் விளக்கு*

ஸ்டீயரிங் வளையம் அல்லது காலம் மாற்றினால் வரும். பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங், அதாவது ஒயர் சுருள், நடு வைக்காமல் மாட்டினால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடும். ஒரு கோடிக்கு மெதுவாகச் சுற்றி, மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி அதில் பாதி திரும்புங்கள். சிலதில் அம்புக்குறி இருக்கும், அதை நம்புங்கள். வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி குறைந்தது 3 நிமிடம் காத்திருங்கள், மஞ்சள் கனெக்டரில் மீட்டர் வைத்து ஓம் பார்க்காதீர்கள், ஏர்பேக் வெடிக்கலாம்.

இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய கீழ்வகை வண்டியின் காலத்தில் சுருளே இருக்காது, ஹார்னுக்கு மட்டும் ஒரு தொடுமுனை இருக்கும். அதை ஏர்பேக் வண்டிக்கு வாங்கினால் சுருளையும் தனியாக வாங்க வேண்டும், அது உட்கார இடம் இருக்கிறதா என்பதும் வேறு கேள்வி. பழைய ஏர்பேக்கையும் பழைய சுருளையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். விளக்கை அணைக்க ரெசிஸ்டர் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஏற்கெனவே யாராவது வைத்திருக்கிறார்களா என்ற சந்தேகம் இருந்தால் சாவியைத் திருப்பியதும் மீட்டரைப் பாருங்கள்: ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். ரெசிஸ்டர் வைத்திருந்தால் விளக்கு முறையாகவே எரிந்து அணையும், அப்போது மஞ்சள் கனெக்டர் நிஜமாகவே ஏர்பேக்கில் போய் முடிகிறதா என்று வளையத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் அலைன்மெண்ட் எடுத்த பிறகு கூட்டமில்லாத சாலையில் முதலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கொஞ்ச நாள் ஓடியதும் கீழ் ஜாயிண்ட் போல்ட், ரேக் கிளாம்ப் போல்ட், டை ராட் லாக் நட் மூன்றையும் இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். கடைக்காரர் கொடுத்த உத்தரவாதத்துக்கு நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிட்டால், திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தாலும் வழி இருக்கும்.